அப்பாவின் ட்ரைகிளிசரைடும் ஃபீனோஃபைப்ரேட்டும்

அப்பாவுக்கு 61 வயது. வலங்கைமான் பக்கம் விவசாயம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் (ஸ்டாட்டின்) பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன வருஷம் ரத்தம் கொடுத்த லேப்பிலிருந்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி" என்று போன். போனேன். ட்யூபைத் தூக்கிக் காட்டினார்கள். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் பால் போல வெள்ளையாக இருந்தது. ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 860. 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்டிஎல் கட்டம் காலி. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால், வழக்கமாகக் கணக்குப் போட்டு எடுக்கும் எல்டிஎல் சரியாக வராதாம்.

வெறும் வயிற்றில் திரும்ப எடுத்தும் பெரிய மாற்றமில்லை. கும்பகோணத்தில் டாக்டர், "500-க்கு மேல போனா முதல் பயம் கணையத்துக்குத்தான், அப்புறம்தான் இதயம்" என்றார். மேல் வயிற்றில் கடுமையாக வலித்து முதுகு வரை போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். குடிப்பழக்கம் உண்டா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கேட்டார். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாம் பார்த்த பிறகுதான், ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மாத்திரையான ஃபீனோஃபைப்ரேட் 145 எழுதினார். பித்தப்பைக் கோளாறோ சிறுநீரகத்தில் பெரிய பாதிப்போ இருந்தால் இந்த மாத்திரை ஆகாது.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 9.8. டாக்டர் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், அதோடு மாவுச்சத்தும் இனிப்பும் மிஞ்சினால் கல்லீரல் ட்ரைகிளிசரைடாகச் செய்து தள்ளும். எங்கள் வீட்டில் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரியும் சோறு. அம்மா எண்ணெயை மட்டும் குறைத்திருந்தார். அது தேவைதான், ஆனால் போதாது. காபிக்கு நாட்டுச்சர்க்கரை போட்டால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் அன்றோடு போனது. ராத்திரிச் சோறு நின்றது. மதியம் ஒரு கரண்டி சோறு, இரண்டு பங்கு காய். அறுப்பு நாளில் வயலுக்கு வரும் டீயும் சர்க்கரை இல்லாமல்தான்.

அடுத்த டெஸ்டில் ட்ரைகிளிசரைடு 310. கிரியாட்டினின் மட்டும் 1.0-லிருந்து 1.2 ஆகியிருந்தது. எனக்குப் பகீரென்றது. இந்த மாத்திரையில் இப்படிக் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றார் டாக்டர்.

அப்போதுதான் மாமா, "அதான் கொழுப்பு இறங்கிடுச்சே மாப்ளே, பழைய மாத்திரையை நிறுத்திடச் சொல்லு" என்றார். பழைய மாத்திரை என்றால் ஸ்டாட்டின். கேட்டதும் டாக்டர் உறுதியாக மறுத்துவிட்டார். சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான அக்கார்ட் ஆய்வில், ஸ்டாட்டினோடு ஃபீனோஃபைப்ரேட் சேர்த்ததால் மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை. 2022-இல் வந்த ப்ராமினென்ட் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பெமாஃபைப்ரேட் என்ற இன்னொரு ஃபைப்ரேட்டைக் கொடுத்தார்கள். ட்ரைகிளிசரைடு சுமார் கால் பங்கு இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதனால் இதயத்துக்கு ஸ்டாட்டின்தான் முக்கியம்; ஃபைப்ரேட் முதலில் கணையத்துக்கு. அவர் சொன்னதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இருந்தது: சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு முற்றுவதை ஃபீனோஃபைப்ரேட் மெதுவாக்கியதை இரண்டு பெரிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டாட்டினும் ஃபீனோஃபைப்ரேட்டும் சேரும்போது தசையைக் கவனிக்க வேண்டும். நடவு நேரத்தில் அப்பா தொடை வலி என்றார். வேலை வலியென்று விடாமல், தசைப் பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்த டெஸ்ட் பார்த்தோம், சரியாக இருந்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றே வரணும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு ஃபைப்ரேட்டை ஸ்டாட்டினோடு சேர்ப்பதில் ஆபத்து அதிகம். யாராவது "இதுவும் அதே மாத்திரைதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது ட்ரைகிளிசரைடு 190. ஃபீனோஃபைப்ரேட்டை நிறுத்தலாமா என்று அப்பா கேட்டார். "மூணு மாச சர்க்கரை 7-க்கு வரட்டும்யா, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி, அடுத்த சீட்டில் கிரியாட்டினினையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார் டாக்டர்.