ஜெர்மன் பி1: ஒன்பது ப்ரெபொசிஷனும் அம்மாவின் அடுப்பும்

ஜெர்மன் மொழித் தேர்வின் பி1 நிலையில், எழுத்துப் பகுதியில் இந்த முறை நூற்றுக்கு 78. போன முறை 54. தேற 60 வேண்டும் என்பதால், மற்ற மூன்று பகுதிகளும் போன வருடமே கையில் இருந்தும் இது ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. 2021இல் ஆரம்பித்த படிப்பு. முடிவு வந்த அன்று திருப்பூர் முழுக்க மிட்டாய் கொடுக்கலாம் போல இருந்தது.

54க்குக் காரணம் வோ (எங்கே), வோஹின் (எங்கே நோக்கி) தகராறுதான். ஆன், அவுஃப், இன் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஒன்பது ப்ரெபொசிஷன்கள் உண்டு. அவை இடத்தைச் சொன்னால் பெயர்ச்சொல் டாட்டிவ் வேற்றுமையில் வரும், போக்கைச் சொன்னால் அக்குசாட்டிவ் வேற்றுமையில். விதி எனக்கு முதல் வருடமே மனப்பாடம். ஆனால் எழுதும்போது கை தானாக டாட்டிவுக்கே போகும். ஏன் என்று புரிய மூன்று வருடம் ஆனது. 'சமையலறைக்குப் போகிறேன்' என்று 'கு' போட்டே பழகிய வாய் நமது. டாட்டிவ் என்றாலே நான்காம் வேற்றுமை என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் சமையலறைக்குள் போவதைச் சொல்ல 'இன் டீ க்யூஷெ' என்று அக்குசாட்டிவில் எழுத வேண்டிய இடத்தில் 'இன் டெயர் க்யூஷெ' என்று எழுதினேன். அப்படி எழுதினால் சமையலறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்!

இப்போது 'ஊரை அடைந்தேன்' என்று நினைத்துக்கொள்கிறேன். அடைந்தால் 'ஐ', அதாவது அக்குசாட்டிவ். 'ஊரில் இருக்கிறேன்' என்றால் டாட்டிவ். இந்த ஒன்பதுக்கு மட்டும்தான் இது செல்லும். ட்ஸூ, நாஹ் என்ற வேறு இரண்டு ப்ரெபொசிஷன்களுக்கும் போக்கானாலும் டாட்டிவ்தான், அங்கே இதைக் கொண்டுபோக வேண்டாம்.

வினைச்சொல்லிலும் தமிழ் கை கொடுக்கிறது. ஷ்டெல்லென் நிறுத்துவது, ஷ்டேயென் நிற்பது. லேகென் கிடத்துவது, லீகென் கிடப்பது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த அதேதான். எந்தப் பாடப்புத்தகமும் தமிழனுக்கு இதைச் சொல்லித் தரவில்லையே என்று இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

பின்னலாடை சீசனில் மூன்று மாதம் புத்தகத்தையே தொடாமல் விட்டிருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் என்ற கணக்கு எனக்கு நிற்கவில்லை. நின்றது இது ஒன்றுதான்: ராத்திரி அரிசிம்பருப்புச் சட்டியை அடுப்பில் வைக்கும்போது 'இஷ் ஷ்டெல்லெ டேன் டோப்ஃப் அவுஃப் டேன் ஹேர்ட்', வைத்த பிறகு 'டெயர் டோப்ஃப் ஷ்டேட் அவுஃப் டேம் ஹேர்ட்'. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சட்டியை இறக்கி ஏற்றாமல் இருக்க முடியாதே.

"ஏங்கண்ணு, நாலு வருசமாப் படிக்கறயே, இன்னும் முடியலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் இது பிடித்துவிட்டது. நான் ஜோடியைச் சொல்லி முடித்ததும், "சட்டி போகுதா, உக்காந்திருச்சா?" என்று கேட்பார். இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த ஆசிரியர் அவர்தான்.

அகராதி கேட்பவர்களுக்கு: கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தாலும் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை போட்டிருக்கிறது, அது போதும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லெயின் மெதுவாக வாசிக்கும் செய்தியை வண்டியில் போகும்போது கேட்கிறேன். முதல் தடவை தலைப்பு மட்டும் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

அடுத்தது பெயரடை விகுதிகள். பாதி அட்டவணைதான் எழுதியிருக்கிறேன், அதற்குள் மனம் வேறு பக்கம் ஓடுகிறது. எங்கள் பின்னலாடை யூனிட்டில், ஜெர்மனியின் ஆல்ப்ஸ்டாட்டில் செய்த பழைய வட்டப் பின்னல் மெஷின் ஒன்று இருக்கிறது, அதன் குறிப்பேடு முழுக்க ஜெர்மன். டீ நாடெல் ஊசி, டெயர் ஃபாடென் நூல், டீ மாஷெ கண்ணி என்று முதல் மூன்று பக்கம் தாண்டியிருக்கிறேன். நாலாம் பக்கத்தில் நூல் இழுவிசையைச் சரிசெய்யும் பகுதி. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.