கறாரான வாடிக்கையாளர்

பெரிய ஆய்வுக்கூடங்களால் நமக்கு என்ன லாபம் என்று பேச்சு வந்தால், யாராவது ஒருவர் உடனே வைய விரிவு வலையை, அதாவது இணையதள முகவரிகளில் வரும் ‘www’வை, எடுத்துக்கொண்டு வருவார். ஜெனிவா பக்கத்தில் இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் அந்த வலைக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993இல் செர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டது. இது ஒன்று போதாதா என்பார்கள். சரி, போதும்தான். ஆனால் அப்படி ஒரு அதிர்ஷ்டம் எப்போதாவதுதான் அடிக்கும். சிங்கப்பூரில், ஜூரோங்கில் வெற்றிடக் கலன் செய்யும் பட்டறையில் இத்தனை வருஷம் கழித்த நான் பார்த்தது வேறு. ஆய்வுக்கூடம் என்ன கண்டுபிடிக்கிறது என்பதைவிட, கண்டுபிடிப்பதற்காக என்னென்ன செய்து கொடுக்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் கம்பெனிக்குச் சோறு போடுவது சிப் தயாரிப்பு இயந்திரங்களுக்கான சேம்பர்கள், அதாவது வெற்றிடக் கலன்கள். நடுவில் எப்போதாவது ஓர் ஆய்வுக்கூடத்து ஆர்டர் வரும். ஒரே ஒரு சேம்பர், அதற்குக் கத்தையாக வரைபடம். அந்த வாரம் முழுக்க முதலாளி முகம் கடுகடுவென்று இருக்கும்.

சிங்க்ரோட்ரான் என்ற வட்ட முடுக்கி மாதிரி இடத்தில் எலக்ட்ரான்கள் ஒரு வளையத்துக்குள் மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். வழியில் வாயு மூலக்கூறுகள் இருந்தால் மோதி மோதிக் கற்றை கரைந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அங்கே ஓட்டை மட்டும் எதிரி இல்லை. எஃகே தன்னுள் இருக்கும் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கைரேகை பட்டால்கூடத் தெரியும். திருகுக்கு அடியில் சிக்கிய துளிக் காற்று நாள்கணக்கில் கசிந்து, எங்கோ ஓட்டை இருப்பதுபோல ஆட்டம் காட்டும். வெளியிலிருந்து ஹீலியம் அடித்துத் தேடினால் அகப்படாது, ஓட்டை இருந்தால்தானே! அதற்காகத் திருகின் நடுவிலேயே துளை போட்டுத் தரச் சொல்வார்கள். வெல்டிங் உள்பக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். கழுவி, நாள்கணக்கில் சூடேற்றி, மிச்சம் என்ன வாயு இருக்கிறது என்று ஆர்ஜிஏ கருவியில் அளந்து, அந்த அளவீட்டுப் படத்தையும் சேர்த்துக் கொடு என்பார்கள்.

எங்கள் வெல்டிங் பகுதியில் மன்னார்குடிக்காரர் ஒருவர், கைராசிக்காரர். இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, கையே போகாத இடத்துல உள்பக்கம் வெல்டிங் கேக்குறாங்க? வரைஞ்சவரு டார்ச்சைப் பிடிச்சுப் பாத்திருப்பாரா?” என்றார். நியாயமான கேள்வி. ஆய்வுக்கூடத்துப் பொறியாளரைப் பட்டறைக்கே வரவழைத்தோம். அன்று மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த இணைப்பை முதலில் வெல்டிங் வைப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற வரிசையே மாறியது. முனைவர் பட்டம் வாங்கியவர் அன்று ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டார். அந்த வரிசை பிறகு எங்கள் சிப் இயந்திர வேலைக்கும் வந்துவிட்டது. அது எந்தக் காப்புரிமைப் பட்டியலிலும் ஏறவில்லை, ஏறவும் முடியாது.

பெரிய அளவிலும் இதே கதைதான். கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஹீலியோஸ் 2 சிங்க்ரோட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு வெறும் 10.8 மீட்டர். செர்னின் வளையம் 27 கிலோமீட்டர். வேலை வேறு, ஆற்றல் வேறு, ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களை இத்தனை சின்ன வட்டத்தில் வளைக்க மின்தடையே இல்லாத கம்பியால் சுற்றிய, 4.5 டெஸ்லா வலுவுள்ள மீக்கடத்திக் காந்தம் தேவைப்பட்டது. அதைச் செய்த ஆக்ஸ்ஃபோர்ட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1959இல் மார்ட்டின் வுட் தொடங்கிய நிறுவனம். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காந்தம் செய்து கொடுத்தே வளர்ந்தது. அந்தக் கைப்பழக்கம்தான் அங்கே எம்ஆர்ஐ காந்தமாகவும் ஆனது. அமெரிக்காவில் ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடத்தின் டெவட்ரான் முடுக்கிக்கு, அதே மாதிரி காந்தம் சுற்ற, நையோபியம்-டைட்டானியம் கம்பி டன் கணக்கில் வேண்டியிருந்தது. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்த கம்பி ஆலைகள் மொத்தமாகச் செய்யப் பழகின. எம்ஆர்ஐ பரவியபோது கம்பிக்குப் பஞ்சம் வரவில்லை. ஸ்கேனுக்குப் படுத்திருப்பவருக்கு, அந்த முடுக்கி தேடிய குவார்க் என்ற நுண்துகளைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஹீலியோஸில் இன்னொரு வேடிக்கை. அந்த வடிவமைப்பே சிப்பில் எக்ஸ் கதிரால் கோடு போடுவதற்காக வந்தது. முதல் ஹீலியோஸை வாங்கியது ஐபிஎம். சிப் தொழில் அந்த வழியில் போகவில்லை. இன்று சிப்பில் கோடு போடும் ஈயூவீ (அதிதீவிரப் புற ஊதா) இயந்திரங்களில் 13.5 நானோமீட்டர் ஒளி வருவது, லேசர் அடிக்கும் வெள்ளீயத் துளிகளிலிருந்து. ஆனால் அந்த இயந்திரங்களுக்கான கண்ணாடிகளை அளந்து பார்க்க பெர்லின் சிங்க்ரோட்ரானின் ஒளி உதவியது. திட்ட அறிக்கையில் எழுதிய பலன் வராமல் போய், எழுதாத பலன் வருவது இந்தத் துறையில் வாடிக்கை. எலக்ட்ரான்கள் வளையும்போது உமிழும் சிங்க்ரோட்ரான் ஒளியே, 1947இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் முதலில் கண்ணில் பட்டபோது, முடுக்கிக்காரர்களுக்கு வீணாகும் ஆற்றல்தான்.

என் தொழிலுக்கு நெருக்கமானவர் செர்னின் கிறிஸ்டோஃபரோ பென்வெனூட்டி. 27 கிலோமீட்டர் குழாயில் பம்பை எத்தனை இடத்தில்தான் மாட்டுவது? வாயுவைத் தானே பிடித்துவைக்கும் உலோகத்தை முதலில் நாடாவாக நீள நெடுகப் போட்டார், பிறகு குழாயின் உள்சுவரிலேயே மெல்லிய பூச்சாக்கினார். சுவரே பம்பாகிவிட்டது. அதே வித்தையைத் தட்டையான சூரிய வெப்பத் தகடுக்குள் வைத்தார். உள்ளே வெற்றிடம் நிலைத்தால் வெப்பம் வெளியே ஓடாது. அந்தத் தகடுகள் ஜெனிவா விமான நிலையக் கூரையில் ஏறின. என்னைக் கேட்டால், வைய விரிவு வலையைவிட இதுதான் நேர்மையான உதாரணம்.

செர்ன் ஒரு காலத்தில் தன் ஒப்பந்ததாரர்களிடம் கேட்டு ஒரு கணக்குப் போட்டது. உயர் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் போட்ட ஒரு ஸ்விஸ் பிராங்குக்கு ஏறத்தாழ மூன்று பிராங்க் பலன் என்று வந்தது. ஆர்டர் கொடுத்தவரே கேட்டு, வாங்கியவரே சொன்ன கணக்கு. எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்த ஆர்டரே இல்லாமலும் அதே கம்பெனி வேறு வழியில் வளர்ந்திருக்கலாம். பணம் கொட்டினால் புதுமை தானாக முளைக்கும் என்பதும் இல்லை. பொருளை வெளியூரில் வாங்கி இங்கே பெட்டியை மட்டும் பிரித்தால், கற்றுக்கொண்டவன் வெளியூர்க்காரன்தான்.

எங்கள் முதலாளி இப்போதும் ஆய்வுக்கூடத்து ஆர்டர் என்றால் முனகுவார், ஆனால் திருப்பி அனுப்புவதில்லை. ஒரே நிபந்தனை: பாலிடெக்னிக் முடித்துப் புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவரை மன்னார்குடிக்காரரோடு அந்த வேலையில் போட வேண்டும். லாபம் இல்லாத வேலைக்கு ஏன் பாஸ் கூடுதல் ஆள் என்று கணக்குப் பிரிவு கேட்டதற்கு, அதைப் பயிற்சிச் செலவில் எழுதச் சொல்லிவிட்டார்.