மிஷன் வரலாற்றுத் தாளும் 'அனுமதித்தவர் யார்?' என்ற கேள்வியும்

வெளிவாரிக் கலைமாணி (பி.ஏ.) பெறுபேறுகள் சென்ற வாரம் வெளியாகின. முதல் தடவை என்னைக் கைவிட்ட மிஷன் வரலாற்றுத் தாளில் இம்முறை நல்ல சித்தி கிடைத்திருக்கிறது. மனம் ஆறியிருக்கும்போதே, அடுத்து எழுதவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நான் விட்ட பிழை ஒன்றுதான். புரட்டஸ்தாந்து மிஷன்களுக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் இருந்த உறவை ஆராயும்படி கேட்ட வினாவுக்கு, வேதாகமமும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்தன என்று நான்கு பக்கம் எழுதினேன். வகுப்பில் தந்த குறிப்பும் அப்படித்தான் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றால்தான் அரச பதவி என்றிருந்த இலங்கையின் ஒல்லாந்தர் காலத்துக்கு அது பொருந்தும். அதே அளவுகோலைப் பிரித்தானியர் காலத்துக்கும் வைத்ததால் புள்ளிகளை இழந்தேன்.

இம்முறை ஒவ்வொரு மிஷனையும் படிக்கும்போது, இவர்கள் வந்திறங்க அனுமதித்தவர் யார், மறுத்தவர் யார் என்று மட்டும் கேட்டேன். 1793இல் வங்காளம் சென்ற வில்லியம் கேரி, கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிமாரை விரும்பாததால், 1800இல் டேனியருக்குரிய சேராம்பூரில் தஞ்சம் புகுந்தார். கம்பனியின் கதவு 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தோடுதான் திறந்தது. இலங்கையோ 1802இலேயே கம்பனியின் கையை விட்டுப் பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது. பப்ரிஸ்து மிஷனரியான சேற்றர் 1812இலேயே கொழும்பில் பணி தொடங்கியதன் பின்னணி இதுதான். குறிப்புகளை எவ்வளவு மனனம் செய்தாலும் இந்த இணைப்பு தானாக வராது. 1802, 1813 என்ற இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது.

தேசாதிபதி பிரவுன்றிக்கைத் தனியாகப் படியுங்கள். 1814இல் வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிமாரை வரவேற்றவரும், 1815இல் பௌத்தத்தைப் பாதுகாப்பதாகக் கண்டி ஒப்பந்தத்தில் உறுதியளித்தவரும், 1816இல் அமெரிக்க மிஷனை யாழ்ப்பாணம் செல்ல விட்டவரும் அவரே. அவருக்குப் பின் வந்த பார்ன்ஸ், 1820இல் வந்த அமெரிக்க அச்சாளர் கரெட்டை நாட்டில் தங்கவே விடவில்லை. மறுபுறம், அரசு பௌத்தத்தோடு வைத்திருந்த தொடர்பைக் கண்டித்து 1839இல் நூல் எழுதியவர் வெஸ்லியன் மிஷனரியான ஸ்பென்ஸ் ஹார்டி. அரசும் மிஷனும் ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இந்த மூவரே போதும்.

மனனம் செய்ய வேண்டியவை:
- 1706 தரங்கம்பாடி மிஷன், டென்மார்க் மன்னரின் ஆதரவு
- 1823 அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரி
- 1848 நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலை. அவர் வெஸ்லியன் பாடசாலையில் படித்தவர் என்பதைக் கட்டாயம் சேர்க்கவும்
- 1869-70 உதவி நன்கொடை முறை (மிஷன் பாடசாலைகள் முதலியவற்றுக்கு அரசு பணம் தரும் ஏற்பாடு)

நான் தனியே படிப்பவள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் காலை நேரமே எனக்குப் போதுமாயிருந்தது. ஒரு சனிக்கிழமை வுல்பெண்டால் ஒல்லாந்தர் தேவாலயத்தையும், பிறகு புறக்கோட்டை மெதடிஸ்த தேவாலயத்தையும் நேரில் பார்த்தேன். குழுவாகப் படிப்பவர்களும் இந்த நடையைத் தவறவிட வேண்டாம். ஒல்லாந்தர், பிரித்தானியர் என்ற இரண்டு மிஷன் காலங்களும் அதன் பிறகு எனக்குக் குழம்பவேயில்லை.

இலங்கைக்கு வெளியே ஓர் உதாரணத்தைக் கடைசிப் பந்திக்கென்று வைத்திருங்கள். நான் தென் அமெரிக்காவிலிருந்த பிரித்தானியக் குடியேற்றமான டெமராராவை எழுதினேன். 1823இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தபோது, அவர்களைத் தூண்டியதாகப் மிஷன் போதகர் ஜோன் சிமித்துக்குக் குடியேற்ற அரசின் இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மன்னரின் தண்டனைக் குறைப்பு வந்து சேருமுன், 1824இல் அவர் சிறையிலேயே இறந்தார்.