78 சென்டிமீட்டர்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு நான் 'டீச்சர்'. வேலைக்குச் சேர்ந்து ரொம்ப வருஷம் எடையைத்தான் கருத்தாகப் பார்த்தேன். உயரத்தையும் பதிவேட்டில் எழுதுவேன், எழுதியதோடு சரி. மெலிந்த பிள்ளையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், கை குச்சியாக இருக்கும். வளர்ச்சி குன்றிய பிள்ளை, அதாவது வயதுக்கேற்ற உயரம் வளராத பிள்ளை, அப்படியில்லை. கன்னம்கூட உப்பியிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றரை வயது என்று நினைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு பெண் குழந்தைதான் என் கண்ணைத் திறந்தது. இரண்டு வயது முடிய மூன்று நாள் பாக்கி. அந்த வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆயா அதன் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டார். நான் முட்டியை அழுத்திக்கொண்டு கால்பக்கக் கட்டையை நகர்த்தினேன். வீறிட்டு அழுது காலை மடக்கிக்கொண்டது. 76 என்று காட்டியது. முட்டி மடங்கினால் அளவு குறையும். அம்மாவை அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தேன். 78. அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு நடு அளவு சுமார் 86 சென்டிமீட்டர். 80-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றல்.

"எங்க வீட்டுல எல்லாருமே குட்டைதான் டீச்சர்" என்றார் அம்மா.

எத்தனையோ தாய்மாரிடம் இதே சமாதானத்தை நானே சொல்லியிருக்கிறேன். அது தப்பு. நாம் வைத்து அளக்கும் அட்டவணை 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரித்தது. நம் பங்குக்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்தால் அந்த வயதில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள். குவாத்தமாலாவின் மாயா மக்களையும் பரம்பரைக் குட்டை என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஊரிலிருந்த பிள்ளைகளைவிட சுமார் 10 சென்டிமீட்டர் உயரமாக வளர்ந்தார்கள்.

சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் இது எப்படி நடக்கிறது? அந்த வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. நடவுக் காலத்தில் அம்மா விடியற்காலையே வயலுக்குப் போய்விடுவார். பிள்ளை பாட்டியிடம். காலையில் ரசம் ஊற்றிக் குழைத்த சோறு, மத்தியானமும் அதே. வயிறு நிறைந்துவிடும். பருப்பு, முட்டை, கீரை எல்லாம் பெரியவர்களுக்கு என்று ஒரு நினைப்பு. நாங்கள் கொடுக்கும் சத்துமாவு கொழுக்கட்டையாகி வீட்டில் ஐந்து பேருக்குப் பங்காகியிருந்தது. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பசியோடு நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படித் தனியாகக் கொடுப்பார்? போதாததற்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. குடல் திரும்பத் திரும்பப் புண்பட்டால் தின்பதும் உடம்பில் ஒட்டாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேர் இப்படி. நாடு முழுக்கப் பார்த்தால் 35.5. நாம் தேவலை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பெரு நாட்டில் 2008-இல் சுமார் 28 சதவீதம் இருந்தது, 2016-இல் 13 ஆக இறங்கியது. எட்டே வருஷம். அங்கே உயரம் அளப்பதையே முக்கிய வேலையாக வைத்து, பிள்ளை வளராததைத் தாய்மாருக்குப் புரிய வைத்தார்கள். பலகை எங்களிடமும் இருக்கிறது.

கரு உண்டான நாளிலிருந்து இரண்டு வயது வரை, அந்த ஆயிரம் நாளில்தான் பெரும்பாலும் இது முடிவாகிறது. அதனால் அந்தப் பிள்ளையின் அளவை மாதாமாதம் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். வளர்ந்தது, ஆனால் வளர்ச்சி குன்றல் என்கிற கோட்டைத் தாண்டி மேலே வரவில்லை. இப்போது அவர் மறுபடி மூன்று மாதம். போன வாரம் சத்துமாவு வாங்க மாமியாரும் கூடவே வந்தார். பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது அவளுக்கு மட்டும்தானே டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம்மா, அவங்களுக்கு மட்டும்தான் என்றேன்.