அங்க கடல் இருக்கோ பிள்ளை?

போன ஞாயித்துக்கிழமை மதியம் கும்மிடிப்பூண்டில ஃப்ரெண்டு வீட்ல சாப்ட்டுட்டு உக்காந்திருந்தேன். டிவில நியூஸ் ஓடிட்டு இருந்துச்சு, சூடான்ல இருந்து பக்கத்து நாடு சாட்-க்குள்ள ஜனங்க வர்றத காட்டினாங்க, கழுதை வண்டில பாய், பாத்திரம், மூட்டை எல்லாம் கட்டி அது மேல ரெண்டு குழந்தைங்க. இலங்கைல இருந்து போட்ல வந்த என் ஃப்ரெண்டோட அம்மம்மா கண்ணாடிய முந்தானைல துடைச்சு போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க, அப்பறம் என்கிட்ட கேட்டாங்க, "அங்க கடல் இருக்கோ பிள்ளை?"

இல்ல அம்மம்மா, தரைதான், நடந்தே வராங்கன்னேன்.

"அப்ப ஓட்டிமாருக்கு காசு குடுக்கத் தேவையில்லை" ன்னாங்க. ஓட்டின்னா போட் ஓட்டறவன். கொஞ்சம் கழிச்சு அவங்களே, "எண்டாலும் பிள்ளையள தூக்கிக்கொண்டெல்லோ நடக்கோணும்" ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, அதான் எழுதறேன், நீளமா போகும், பரவாயில்ல.

நான் ஆரம்பாக்கத்துக்காரி. எங்க ஊர் தாண்டினா தடா, ஆந்திரா. ஜிஎன்டி ரோட்ல எளாவூர் செக்போஸ்ட் லாரிக்காரங்களுக்குத்தான், எங்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி. சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கு போவோம், தடால மீன் வாங்குவோம், அங்க இருந்து பொண்ணு எடுப்போம், இங்க இருந்து பொண்ணு குடுப்போம், கடைல தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் வரும், யாரும் அத ஒரு விஷயமாவே நினைக்க மாட்டாங்க. எங்க ஆயா சத்தியவேடு பக்கம். 1960ல திருத்தணி இந்தப் பக்கம் வந்து சத்தியவேடு அந்தப் பக்கம் போச்சு இல்லையா, அப்போ ஆயா வீட்டு திண்ணை நகரல, எல்லைதான் நகந்துச்சு. யாரும் வந்து நீ யாரு, எந்த நாடு, பேப்பர் காட்டுன்னு கேக்கல. எல்லைன்னா இவ்ளோதான்னு நெனச்சுட்டுதான் நான் வளர்ந்தேன்.

ஆறாவது படிக்கும்போதுதான் இந்த ஃப்ரெண்டு, இவ பக்கத்துல உக்காந்தேன். கும்மிடிப்பூண்டில இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்ற பொண்ணு. "கேம்ப் பொண்ணு"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்லியிருக்கேன், அத இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அவ "கதைக்கிறது" ன்னு சொன்னா நாங்க சிரிப்போம், ரெண்டு மாசத்துல அவ எங்கள மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டா, ஸ்கூல்ல ஒரு தமிழ், வீட்ல ஒரு தமிழ். ஒரு பதினொரு வயசு பொண்ணு தன் பேச்சையே கேட்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள வந்திருக்கான்னு எனக்கு அப்போ புரியல.

அம்மம்மாவுக்கு மன்னார் பக்கம் ஒரு கிராமம். 1990 ஜூன்ல மறுபடி சண்டை ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட மூணு வருஷம் இந்திய அமைதிப்படை அங்க இருந்துட்டு அந்த மார்ச்லதான் திரும்பியிருந்துச்சு. ஷெல் அடி, பொம்மர், பங்கருக்குள்ள ராத்திரி பகல்னு தெரியாம ஒரு வாரம். மடு மாதா கோயிலுக்கு ஓடினாங்க, அங்க ஏற்கனவே மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், அங்க இருந்து பேசாலை, அங்க இருந்து போட். காதுல கிடந்த தோட்டைக் கழட்டிக் குடுத்துதான் ஏறினாங்களாம். தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர், நான் ஆரம்பாக்கத்துல இருந்து சூலூர்பேட்டை தாண்டி கொஞ்ச தூரம் போற மாதிரி. அந்த தூரத்துக்கு ஒரு முழு ராத்திரி, லைட் இல்லாம, நேவி பாத்துடக் கூடாதுன்னு, என் ஃப்ரெண்டு அப்போ பத்து மாசக் குழந்தை, அழக்கூடாதுன்னு வாயில சீனி துணிய வெச்சுட்டே இருந்தாங்களாம். அவ அம்மாவுக்கு நல்ல காய்ச்சல், போட் அடில சுருண்டு கிடந்தாங்க. விடிய விடிய ஒரு மணல் திட்டுல இறக்கி விட்டுட்டு, இதுதான் இந்தியா, நடந்து போங்கன்னு ஓட்டி போயிட்டான். நடந்து பாத்தா சுத்தி தண்ணி. மறுநாள் நம்ம மீனவங்க வந்துதான் ஏத்திட்டு வந்திருக்காங்க.

அப்பறம் மண்டபம் முகாம். இந்த மண்டபத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும், வெள்ளைக்காரன் காலத்துல இங்க இருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு கூலிக்குப் போன நம்ம ஜனங்கள நிறுத்தி வெச்சு, நோய் இருக்கான்னு பாத்து அனுப்பின இடம் அது. அதே இடத்துலதான் 1983க்கு அப்பறம் அங்க இருந்து வர்றவங்கள நிறுத்தி எழுதிக்கிட்டாங்க. ரெண்டு திசைலயும் ஜனங்க அந்த ஒரே கேட்டு வழியா.

83 கலவரத்துக்கு அப்பறம் முதல் அலைல 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல, 89ல இருந்து 91 வரைக்கும் ரெண்டாவது அலைல 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல, அதுக்கப்பறம் 96, 2006னு சண்டை எப்போ எல்லாம் திரும்பிச்சோ அப்போ எல்லாம். மொத்தம் 3 லட்சம் பேர். ராமேஸ்வரம் கரைல வந்து இறங்கினவங்கள தமிழ்நாடு முழுக்க மாவட்டத்துக்கு மாவட்டம் பிரிச்சு அனுப்பினாங்க, அப்படித்தான் மன்னார் ஜனங்க கடைசில ஆந்திரா எல்லைல வந்து நின்னது. ஒரு பக்கம் கடல் தாண்டின எல்லை, இன்னொரு பக்கம் தடா.

சண்டையும் அவங்க கூடவே வந்துச்சுன்னு சிலர் சொல்வாங்க. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்பறம் முகாம்ல இருந்த எல்லார் மேலயும் சந்தேகம் விழுந்துச்சு, வெளிய வீடு கிடைக்காம போச்சு, 92ல திருப்பி அனுப்பவே ஆரம்பிச்சாங்க. போருக்கு பயந்து ஓடி வந்தவங்க மேலயே அந்தப் போரோட பழியும் விழுந்துச்சு. சீனி துணி வெச்ச பாட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா எங்க பக்கத்துலயே பெரியவங்க, "அவங்க வந்து நம்ம கூலிய கெடுத்துட்டாங்க"ன்னு பேசினத என் காதால கேட்டிருக்கேன். முகாம் ஆம்பளைங்க பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்கு போவாங்க, சாரத்துல தொங்கிக்கிட்டு, விழுந்தா கேக்க நாதி இல்ல. எங்க வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சதும் அவங்கதான், கம்மியா கேட்டாங்கன்னு அப்பா சந்தோஷப்பட்டாரு. கூலிய குறைச்சது யாருன்னு இப்பதான் யோசிக்கறேன்.

சூடான்ல 2023 ஏப்ரல் 15 அன்னிக்கு ராணுவமும் ஆர்எஸ்எஃப்னு சொல்ற துணைப்படையும் அடிச்சுக்க ஆரம்பிச்சுது, நாட்ட விட்டு வெளிய போனவங்க மட்டுமே 40 லட்சத்த தாண்டிருச்சு. எகிப்து, தெற்கு சூடான், சாட். சாட் உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு, அங்க எல்லைல அட்ரேன்னு ஒரு சின்ன ஊர், 40 ஆயிரம் பேர் இருந்த ஊர்ல 2 லட்சத்துக்கு மேல வந்து உக்காந்துட்டாங்க. தண்ணிக்கு, வெறகுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாத்துக்கும் உள்ளூர்க்காரனும் அதே வரிசைலதான் நிக்கணும். பணக்கார நாடுகள்தான் அகதிங்கள தாங்குதுன்னு ஒரு நினைப்பு நிறைய பேருக்கு இருக்கு, உண்மைல அகதிங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேர் பக்கத்து நாட்லதான் இருக்காங்க, ஏன்னா நடந்து போற தூரம் அவ்ளோதான்.

என்ன உலுக்கினது வேற. 2003ல சூடானோட மேற்குப் பக்கம் டார்ஃபூர்ல நடந்த சண்டைல இதே எல்லைய தாண்டி சாட் வந்தவங்க இருபது வருஷம் கழிச்சும் அங்கேயே முகாம்ல இருக்காங்க, 2023ல புதுசா வந்தவங்கள வரவேத்தவங்கள்ல அந்த பழைய அகதிங்களும் உண்டு. குழந்தையா வந்தவ இப்போ தன் குழந்தைய வெச்சுக்கிட்டு அதே ஊர்ல. அதப் படிச்சதும் எனக்கு கண்ணு முன்னாடி வந்தது இவ வீடுதான்.

நம்ம நாட்லயே மிசோரம் எடுத்துக்கோங்க. மியான்மர்ல 2021 பிப்ரவரி ராணுவம் ஆட்சிய பிடிச்சதும் சின் ஜனங்க தியாவ் ஆத்த தாண்டி சோக்காவ்தார் கிராமத்துக்கு வந்தாங்க. விடாதீங்கன்னு டெல்லில இருந்து லெட்டர் போச்சு, மிசோரம் அரசு கேக்கல, அவங்க எங்க ரத்த சொந்தம்னு சொல்லிருச்சு. வீட்டுக்கு வீடு அரிசி சேத்து குடுத்தாங்க. தமிழ்நாடும் 83ல அப்படித்தான் இருந்துச்சுன்னு அம்மம்மா சொல்வாங்க, ராமேஸ்வரத்துல யாருன்னே தெரியாத ஒருத்தங்க தன் புடவையவே குடுத்தாங்களாம் அவங்க சொந்தக்காரிக்கு. பாசம் முதல் வருஷம் நிறைய இருக்கும், அத மறுக்கல. முப்பத்தஞ்சாவது வருஷம் சட்டம்தான் வேணும், அதுதான் இங்க இல்ல.

1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல, அகதிங்களுக்குன்னு தனி சட்டமும் கிடையாது. 2019 சிஏஏல, அதாவது குடியுரிமை திருத்தச் சட்டத்துல, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் இருக்கு, இலங்கை இல்ல. 2021 கணக்குப்படி 108 முகாம்ல 58 ஆயிரத்து சொச்சம் பேர், வெளிய பதிவு பண்ணி இன்னொரு 34 ஆயிரம். இவ பொண்ணு 2012ல கும்மிடிப்பூண்டிலயே பிறந்தவ, தெலுங்கும் பேசுவா, ஆனா 1987 ஜூலைக்கு அப்பறம் பிறந்ததால, அப்பா அம்மா ரெண்டு பேருமே இந்தியக் குடிமக்கள் இல்லைன்றதால, இங்க பிறந்தும் குடிமகள் கிடையாது. இலங்கைக் குடிமகளா ஆகணும்னாலும் சென்னை துணைத் தூதரகத்துல பதிவு பண்ணாத்தான். 1986ல மண்டபத்துல பிறந்த ஒரு பெண் கோர்ட் வரைக்கும் போய் 2022ல பாஸ்போர்ட் உத்தரவு வாங்கி, 2024 தேர்தல்ல முதல் ஓட்டு போட்டாங்க. 87 ஜூலைக்கு முன்னாடி இங்க பிறந்ததால நடந்துச்சு. தேதிதான் எல்லாம். 2021ல "அகதிகள் முகாம்"ங்கறத "மறுவாழ்வு முகாம்"னு மாத்தினாங்க, புது வீடு கட்ட ஆரம்பிச்சாங்க, அது நிஜமாவே நல்ல விஷயம், பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர் படுத்தத நான் பாத்தவ. 2025 செப்டம்பர்ல, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்கள பாஸ்போர்ட் விசா இல்லைன்னு தண்டிக்க மாட்டோம்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. அன்னிக்கு இவ போன் பண்ணி, "இனிமே நான் குத்தவாளி இல்லையாம்டி"ன்னா. சந்தோஷமா அழுதாளா என்னன்னு எனக்குத் தெரியல. குடியுரிமை இல்ல, தண்டனை இல்ல, அவ்ளோதான்.

அவ பி.காம் முடிச்சப்போ நாங்க ரெண்டு பேரும் தடா தாண்டி ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனோம். ரெண்டு பேரும் செலக்ட். ஷிஃப்ட் பஸ் எங்க ஊர் வழியாவே வரும். சர்டிஃபிகேட் பாக்கும்போது ஸ்கூல் டிசில ஒரு பிறந்த வருஷம், அவங்க கிட்ட இருந்த இலங்கை பிறப்புப் பத்திரத்துல வேற வருஷம், நேஷனாலிட்டின்னு கேட்ட இடத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம பேனாவ வெச்சுட்டா. நைட் ஷிஃப்டுன்னா ராத்திரி முகாமுக்கு வெளிய தங்க அனுமதி வாங்கணும், செக்கிங் அன்னிக்கு முகாம்ல ஆள் இருக்கணும், இன்னொரு மாநிலம் வேற. எனக்கு பஸ் ஸ்டாப்பா இருந்த எளாவூர் அவளுக்கு என்னவா இருந்துச்சுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். நான் வேலைக்கு சேந்தேன், அவ சேரல. பத்து வருஷமா டெய்லரிங் பண்றா.

அவ மாமா ஒருத்தர் 2009 மே-ல சண்டை முடிஞ்சதுக்கு அப்பறம் ஊருக்குத் திரும்பிப் போனாரு. காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கைல இருந்துச்சு, காணி காடா கிடந்துச்சு, கிணறு மூடிப் போச்சு, கண்ணிவெடி எடுத்து முடிக்கற வரைக்கும் உள்ள போகாதீங்கன்னு போர்டு. இங்க பிறந்த பசங்களுக்கு அங்க பேச்சு ஒட்டல, "இந்தியாக்காரன்"ன்னு ஸ்கூல்ல கூப்டாங்களாம். இங்க இவ பட்டது அங்க அந்தப் பசங்களுக்கு.

இவ பிறந்த வருஷத்துல அந்தக் குழப்பம் எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறப்போ அம்மம்மாவே வாசல் வரைக்கும் வந்து சொன்னாங்க. கரைக்கு வந்த அன்னிக்கு பதிவு எழுதினப்போ மகளுக்கு காய்ச்சல், பேச முடியல, இவங்கதான் எல்லாருக்கும் பதில் சொன்னாங்களாம். பிள்ளை எப்ப பிறந்ததுன்னு கேட்டதுக்கு, "மடு திருவிழா முடிஞ்சு மூண்டாம் நாள்" னு சொன்னாங்களாம், ஆகஸ்ட் 15 திருவிழா, அப்ப 18, அது சரி. எந்த வருஷம்னு கேட்டப்போ ரெண்டு ராத்திரி தூங்காத தலை, 88ன்னு வாயில வந்துருச்சு. பிறந்தது 89. அதுக்கப்பறம் முகாம் அட்டை, ஸ்கூல், எல்லாத்துக்கும் அதுதான் போச்சு. "என்ர வாயாலதான் பிள்ளைக்கு அப்படி வந்தது" ன்னாங்க.

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம செருப்ப மாட்டிட்டு இருந்தேன். அவங்க என் கைய பிடிச்சுக்கிட்டு, "நீ கம்ப்யூட்டர்ல எழுதிற பிள்ளைதானே, டிவில பாத்த அந்தச் சனத்துக்கு ஆராவது சொல்லோணும், எழுதிறவன் கேக்கேக்க அவசரப்படாம, வருசத்த ரெண்டு தரம் யோசிச்சு சொல்லச் சொல்லி" ன்னாங்க.