எழுதாமல் விட்ட வரி

"போலீஸ் நிற்கிற இடம் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டேன், அம்மா."

பைக் விபத்தில் அடிபட்டு வந்தவர் இதைச் சொன்னபோது இரவு எட்டேகால். முழு நினைவோடு இருந்தார். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். ஒன்பது மணிக்கு என் கேள்விகளுக்கு முனகல்தான் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி தெரியும். காதுக்கு மேலே பொட்டெலும்பு மெல்லியது. அது உடைந்து உட்புறத் தமனி கிழிந்தால் ரத்தம் மெதுவாகச் சேரும். பேசுகிறாரே என்று வீட்டார் நிம்மதி அடைகிற நேரத்தில் உள்ளே மூளை நெருக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

இடது பக்கமாக விழுந்திருந்தார். தோளில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கையில் ஜல்லித் துகள்கள் புதைந்திருந்தன. இரண்டுக்கும் நடுவே முழங்கையில் மட்டும் ஒரு கீறல் கூட இல்லை. ஹெல்மெட் அங்கேதான் இருந்திருக்கிறது.

அவரை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு விபத்துப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். லாரி மோதியது, இடம், நேரம், 108-இல் வந்தது வரை எழுதியாகிவிட்டது. அப்போதுதான் அவருடைய மனைவி வந்தார். கூடவே ஓர் உறவினர், வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருப்பவர். ஹெல்மெட்டை என் மேசை மேல் வைத்து, வெளியே இருந்த உராய்வைக் காட்டினார்.

"போட்டிருந்தார் என்று எழுதிவிடுங்கள், டாக்டரம்மா."

உள்ளே பார்த்தேன். தாடைப் பட்டையின் கொக்கியில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் காகிதம் இன்னும் கிழியாமல் இருந்தது. ஒருமுறையாவது அதைப் பூட்டியிருந்தால் அந்தக் காகிதம் அங்கே இருந்திருக்காது.

பொய் எழுத மாட்டேன் என்றேன். "அப்படியானால் எதுவுமே எழுதாதீர்கள்" என்றார் அந்த உறவினர். அந்த அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இடித்தது லாரிதானே, அம்மா?"

நான் அந்த வரியை எழுதவில்லை.

அன்றிரவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

என் பக்கத்து நியாயத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிக்னல் போடாமல் திரும்பிய லாரிதான் அவரைத் தள்ளியது. தலையில் ஹெல்மெட் இருந்திருந்தாலும் லாரி திரும்பியிருக்கும். விபத்துக்குக் காரணம் வேறு, காயம் இவ்வளவு ஆழமானதற்குக் காரணம் வேறு. ஹெல்மெட் போடாததைக் காட்டி இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகள் உண்டு. அந்தக் கழிவு போய் விழுவது இறந்தவர் தலையில் அல்ல, இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பில்.

ஆனால் இதே நான் சட்டம் கடுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லி வந்தவள். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது மகிழ்ந்தேன். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 1000 ரூபாய் அபராதம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, பழைய 100 ரூபாய்க்கு யார் பயந்தார்கள் என்று வாதாடினேன். "என் தலை, என் விருப்பம்" என்று கூட்டம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து சொன்னபோது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை இன்று அரசு ஏற்கிறது, உன் தலை உன்னுடையது மட்டும் அல்ல தம்பி என்று பதில் சொன்னேன். கைதட்டல் கூடக் கிடைத்தது.

அந்த மாணவர் ஒருவிதத்தில் நேர்மையானவர் என்று இப்போது தோன்றுகிறது. போட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். என் நோயாளி சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர். காசு கொடுத்து வாங்கினார், போலீஸ் நிற்கும் இடம் வரை போட்டுக்கொண்டார். அபராதத்திலிருந்து தப்பிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நாங்கள் இத்தனை ஆண்டுகள் அபராதத்தைச் சொல்லியே பயமுறுத்தியதால்தான் அவருக்கு ஹெல்மெட் போலீசுக்கு உரிய பொருளாகிவிட்டதோ? இல்லை, இது அதிகம். நாற்பது வயது மனிதர். காதுக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், கீழே விழுந்தால் தலை உடையும் என்று தெரியும்.

ஒன்றரை ஆண்டு கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பாணை வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "காயமடைந்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா?"

"பதிவேட்டில் அதைப் பற்றிக் குறிப்பு இல்லை."

உண்மைதான். ஒரு சொல்லும் பொய் இல்லை. அவரிடம் அடுத்த கேள்வி இருந்திருக்க வேண்டும்: நோயாளி உங்களிடம் ஏதாவது சொன்னாரா? அந்தக் கேள்வி வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கூண்டில் நின்ற அந்தச் சில நொடிகளில், அது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன் என்பதும் உண்மை. அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹெல்மெட் இறப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட எண்களை நானே கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அதே எண்களை இரவில் எனக்குச் சாதகமாகத் திருப்பிப் பார்க்கிறேன். 42தானே, நூறு இல்லையே, போட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று யார் உறுதி சொல்ல முடியும்? பிறகு கீறலே இல்லாத அந்த முழங்கை நினைவுக்கு வருகிறது.

அந்த அம்மா மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டால் மறுபடியும் எழுதாமல்தான் விடுவேன். இதைச் சரி என்று வாதாட எனக்குத் தெம்பில்லை, மாற்றிச் சொல்லவும் மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் இருசக்கர வாகன விபத்து என்றால், பெயருக்கு அடுத்து அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறேன். வீட்டார் வந்து சேர்வதற்குள்.