ஆயிரம் கெஜத்தில் எஃப்-டிஆர்: சுடுதள நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 8, சனி

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே இருக்கிறது பென் ஏவரி சுடுதளம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் அங்கே பெரிய எஃப்-கிளாஸ் போட்டி நடக்கும். இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வர நினைப்பவர் துப்பாக்கி வாங்கும் முன் ஒரு நாள் அங்கே போய்ப் பின்னால் நின்று பார்த்தால் போதும், பாதி செலவு மிச்சம்.

எஃப்-கிளாஸ் என்பது படுத்தபடி, ஸ்கோப் வைத்து, தூரத்து இலக்கைச் சுடுவது. கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குவர்சனின் பெயரிலிருந்து வந்த எழுத்து அந்த எஃப். வயதாகிக் கண் மங்கியவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பிரிவு இது. இப்போது இளைஞர்களும் நிறைய வருகிறார்கள்.

இதில் பிரிவுகள் இரண்டு: ஓப்பன், எஃப்-டிஆர் (டார்கெட் ரைஃபிள்). ஓப்பனில் 8 மி.மீ. வரை எந்தக் காலிபரும் ஆகும், எடை 10 கிலோ வரை, முன்பக்கம் தாங்கி வைக்கலாம். எஃப்-டிஆரில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் இரண்டுக்கு மட்டுமே இடம். பைபாட் (முன்னால் தாங்கும் இருகால்), ஸ்கோப் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்குள் அடங்க வேண்டும். தொடங்குபவர் .308 எடுப்பது நல்லது. ஓப்பன் காலிபர்கள் பலவற்றில் குழல் சீக்கிரம் தேயும், .308 குழல் சில ஆயிரம் தோட்டா தாங்கும்.

குழல் 26 முதல் 30 அங்குலம், கனமானது, உள்வரிகளின் முறுக்கு 10 அல்லது 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 600 கெஜத்தில் அருமையாகப் போகும் சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் (குண்டின் எடை அளவு) மேட்ச்கிங் குண்டை 1000 கெஜத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் வால் 13 டிகிரி, சரிவு அதிகம். ஒலியின் வேகத்தை ஒட்டி வேகம் குறையும்போது குண்டு தள்ளாடும். இலக்கில் துளை நீள்வட்டமாக விழுந்தால் காரணம் அதுதான். 155 கிரெயின் பால்மா வகை, 175, 185, 200 எனக் கடைகளில் வேறு நிறைய உண்டு.

பிப்ரவரி 15, சனி

ஸ்கோப் கணக்கு. ஒரு எம்.ஓ.ஏ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் சுமார் பத்தரை. 100 கெஜத்தில் நேர் செய்த .308-ஐ 1000-க்கு ஏற்ற, தோட்டாவைப் பொறுத்து 35-லிருந்து 40 எம்.ஓ.ஏ வரை மேலே திருப்ப வேண்டும். ஸ்கோப்பை மேலும் கீழும் திருப்பக்கூடிய மொத்த ஓட்டம் 60 என்றால் நடுவிலிருந்து மேலே 30 மட்டுமே கிடைக்கும், எட்டாது. அதனால் 20 எம்.ஓ.ஏ சாய்வுள்ள அடிப்பட்டை போடுகிறோம். மேலே 50 கிடைக்கும்.

ரசமட்டம் கட்டாயம். துப்பாக்கி ஒரு டிகிரி சாய்ந்தால் 1000 கெஜத்தில் குண்டு ஆறேழு அங்குலம் பக்கவாட்டில் போகும். பத்து வளையத்தின் விட்டமே 10 அங்குலம்தான். பலரும் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், குற்றம் சாய்வில் இருக்கும்.

ஸ்கோப் மோதிரத் திருகை முறுக்கு விசை காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். கை அளவு போதாது.

மார்ச் 1, சனி

தோட்டா நிரப்புதல்: சுட்ட பித்தளை உறையில் புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது. முதலில் சட்டம்: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. இங்கே எழுதுவது அனுமதி உள்ள அமெரிக்கச் சூழலை வைத்து.

பித்தளை உறையில்தான் வேலை அதிகம். ஒரே பெட்டியில் வாங்கிய உறைகளை ஒரே கூட்டமாகவே வைத்திருங்கள், எத்தனை முறை சுட்டது என்று பெட்டி மேல் எழுதுங்கள்.

சுட்ட உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) உயரத்தை கம்பாரேட்டர் (அளவெடுக்கும் துணைக்கருவி) பொருத்திய கேலிப்பரால் அளந்து, ஃபுல் லெங்த் சைசிங் டையை (உறையைப் பழைய வடிவுக்கு அழுத்தும் அச்சை) தோளை அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளும்படி வையுங்கள். டை பெட்டியில் வரும் தாள் ‘உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கு’ என்று சொல்லும். அப்படிச் செய்தால் தோள் அளவுக்கு மீறிப் பின்னால் போகும். ஒவ்வொரு சூட்டிலும் உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ளே மெலிந்து, ஒரு நாள் அங்கேயே பிளக்கும். மடித்த கம்பியின் நுனியை உள்ளே விட்டு வருடினால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த உறை குப்பைக்கு.

மசகு போதாவிட்டால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும், கூடினால் தோளில் குழி விழும். சைஸ் செய்தபின் நீளம் பாருங்கள்: .308-க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்டினால் 2.005. வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும். கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம் 0.002 அங்குலம் இருந்தால் போதும்.

மார்ச் 8, சனி

மருந்தின் அளவை இங்கே எழுதப் போவதில்லை. மருந்து, குண்டு தயாரிப்பாளர்களின் அட்டவணையில் தொடக்க அளவு இருக்கும், அதிலிருந்து மேலே வாருங்கள். அடுத்தவர் துப்பாக்கியில் நன்றாக ஓடிய அளவு உங்கள் குழலில் அழுத்தம் மீறலாம். போல்ட் கைப்பிடியைத் தூக்கக் கடினமாவது, உறையின் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் ஊசி) வட்டம் பளபளப்பாகப் பதிவது, பிரைமர் இருக்கை தளர்வது: இவற்றில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திக் கீழே இறங்குங்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்பினால் ஏமாற்றும், சில பிரைமர்கள் இயல்பிலேயே மென்மை.

மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா. மிச்சத்தை அன்றே டப்பாவில் கொட்டி மூடுங்கள். மருந்து அளக்கும் கருவியின் ஹாப்பரில் விட்டுவைத்து, அடுத்த வாரம் எந்த மருந்து என்று யோசிப்பது ஆபத்து.

தராசு 0.02 கிரெயின் காட்டினால் நல்லது. அது ஏறக்குறைய வார்கெட் என்ற மருந்தின் ஒரு துணுக்கு. மின்விசிறி, ஏ.சி. காற்று, கைப்பேசி எல்லாம் எண்ணை நகர்த்தும். அரை மணி நேரம் முன்பே தராசைப் போட்டுவையுங்கள். இடையிடையே சோதனை எடை வைத்துப் பாருங்கள்.

பிரைமர், உறையின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே உட்கார வேண்டும். மேலே துருத்தினால் சுடும் ஊசி அடிக்கும் விசையில் பாதி பிரைமரை உள்ளே தள்ளவே செலவாகும், பற்றுவது சீராக இராது.

குண்டை உட்கார வைக்கும் நீளத்தை நுனியிலிருந்து அளக்காதீர்கள். நுனி ஒவ்வொன்றிலும் மாறும். குண்டின் பக்க வளைவிலிருந்து கம்பாரேட்டரால் அளங்கள். குழலின் உள்வரிகள் தொடங்கும் இடத்திலிருந்து 0.020 அங்குலம் தள்ளித் தொடங்கி, 0.003 படியாக நகர்த்திப் பாருங்கள்.

மார்ச் 15, சனி

குரோனோகிராஃப், அதாவது குண்டின் வேகம் அளக்கும் கருவி. குழலில் கட்டும் வகை வேகத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் குழலின் அதிர்வை மாற்றிவிடும், துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை நம்ப முடியாது. ரேடார் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

1000 கெஜத்தில் .308-க்கு வினாடிக்கு 10 அடி வேக வித்தியாசம் ஏறக்குறைய 3 முதல் 4 அங்குல உயர வித்தியாசம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 40 அடி இடைவெளி என்றால் காற்றே இல்லாத காலையிலும் பத்து வளையத்தில் அடங்காது. 20-க்குள் வந்துவிட்டால் மேசை வேலையை அத்தோடு விடலாம். அதற்கு மேல் உறைகளை எடை போட்டுப் பிரிப்பது, பிரைமரை எடை போடுவது எல்லாம் குளிர்கால ராத்திரிக்கு ஆகும். மேசை உயரத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும், அகலம் காற்றின் கையில்.

ஏப்ரல் 5, சனி

காற்று. 1000 கெஜத்தில் முழுக் குறுக்குக் காற்று மணிக்கு ஒரு மைல் மாறினால் .308 குண்டு முக்கால் முதல் ஒரு எம்.ஓ.ஏ நகரும், அதாவது எட்டு முதல் பத்து அங்குலம். மையத்திலிருந்து பத்து வளைய ஓரம் 5 அங்குலம். ஒரு மைல் தப்பாகப் படித்தால் நேரே ஒன்பது. முகத்தில் ஒரு மைல் வித்தியாசம் தெரியவே தெரியாது.

காற்றின் கோணம்: 90 டிகிரிக்கு முழு மதிப்பு, 45-க்குப் பாதியல்ல, 70 சதவீதம். 30-க்குத்தான் பாதி. எதிர்க்காற்று, பின்காற்று நாட்கள் சுலபம் என்று நினைப்பவர்கள் அடிபடுவார்கள். அப்போது காற்று சற்றே அசைந்தாலும் இடது வலதாகத் திரும்பிவிடும். நேர்க்குறுக்கில் பத்து டிகிரி திரும்பினால் ஒன்றும் பெரிதாக மாறாது.

கொடி கம்பத்தோடு செய்யும் கோணத்தை நான்கால் வகுத்தால் மைல் கணக்கு தோராயமாக வரும். துணி கனமென்றால் குறைத்துக் காட்டும். அரிசோனாவில் கொடியைவிடக் கானல் (சூட்டில் அலையாடித் தெரியும் காற்று) வேகமாகப் பேசும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (பார்ப்பதற்கான தனித் தொலைநோக்கியை) இலக்கில் அல்ல, அதற்கு முன்னே 600, 700 கெஜத்தில் தெளிய வையுங்கள். கானல் நேர் மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. அந்த நொடியில் சுடாதீர்கள், அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. காற்று 12 மைலைத் தாண்டினால் கானல் தட்டையாகிவிடும், பிறகு கொடிதான் கதி.

சுடுபவருக்கு அருகே அடிக்கும் காற்றுக்கு மதிப்பு அதிகம். தொடக்கத்தில் திரும்பிய கோணம் கடைசிவரை விரிந்துகொண்டே போகும். ஆனால் குண்டு வழியின் நடுவில் பார்வைக் கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே பறக்கிறது, அங்கே காற்று தரையில் உள்ளதைவிட வேகம். இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும்.

தொடங்குபவருக்கு ஒரே முறை: அடிக்கடி திரும்பி வரும் ஒரு நிலையைத் தேர்ந்து, அதில் மட்டும் சுட்டு, மாறினால் காத்திருப்பது. காத்திருக்கும்போது தோட்டாவைத் துப்பாக்கியின் சூடான அறைக்குள் விட்டுவைக்காதீர்கள். மருந்து சூடேறி வேகம் கூடும், அடுத்த சூடு மேலே போகும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இலக்குகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் நின்று இலக்கை ஏற்றி இறக்க உங்கள் முறை வந்தால் சலிக்காதீர்கள். சூடு விழுந்ததும் சட்டத்தை இறக்கி, துளையில் வட்டத் தகட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி மூடி, மதிப்பெண் தகட்டை இடம் மாற்றி ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால்தான் மேலே படுத்திருப்பவர் அதே காற்றில் அடுத்ததைச் சுட முடியும். ஒரு இலக்கில் துளைகள் மேலும் கீழும் நீண்டிருந்தால் அவர் தோட்டாவில் கோளாறு, பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றைப் படிக்கத் தெரியவில்லை.

மே 10, சனி

வெயில் வந்துவிட்டது. தோட்டாப் பெட்டியைக் குளிர்பெட்டியில் வையுங்கள், பனிக்கட்டி வேண்டாம், நிழல் போதும். மார்ச்சில் தேர்ந்த அளவு காலையில் அழுத்தக் குறி காட்டாமல் இருந்து மதியம் காட்டலாம். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்தும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். இந்த வெயிலில் ஒருமுறை குரோனோகிராஃபில் வேகத்தைத் திரும்ப எடுத்து, கூடியிருந்தால் மருந்தைக் குறையுங்கள்.